சின்ன ஊரில் குடும்பத்தோடு வாசிப்பு இரவு நடத்துவது எப்படி?

புதுக்கோட்டை மாவட்டத்தில் 80 வீடுகள் உள்ள ஊர் எங்களுடையது. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்தபோது நடத்திப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதல் தடவை சொதப்பிவிட்டேன். நோட்டீஸ் எழுதி பால் சொசைட்டியில் ஒட்டினேன். வந்தது 11 பிள்ளைகளும், பேத்தியைக் கூட்டிப்போக வந்த ஒரு தாத்தாவும்தான். மறுநாள் குழாயடியில் ஒரு அக்காவிடம் கேட்டேன். "எம் புள்ள முன்னாடி என்னைய வாசிக்கச் சொல்லிட்டா மானம் போயிராதா தம்பி?" என்றார். வாசிக்கத் தயங்குகிறவர்களை நோட்டீஸ் ஒட்டிக் கூப்பிட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த தடவை வீடு வீடாகப் போனேன். "புள்ளைங்க வாசிக்கும், நீங்க கேட்டாப் போதும். விடுகதை தெரிஞ்சா சொல்லுங்க" என்றேன். அதற்குக் கூட்டம் வந்தது. ஒரு அப்பத்தா, "அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு, அது என்ன?" என்று போட்டார். பிள்ளைகள் முழித்தார்கள். நெல்லு என்று அவரே சொல்லி, தாள் வயலில் நிற்பதையும் வைக்கோல் மாட்டுக்குப் போவதையும் விளக்கினார். அதை ஒரு பையன் சார்ட்டில் பெரிதாக எழுதினான். தான் சொன்னதே எழுத்தாக நிற்பதை அப்பத்தா விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார்! 1991-ல் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர அறிவொளி இயக்கம் வந்தபோது கற்றுக்கொண்டாராம். அப்போது எங்கள் மாவட்டத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் ஓட்டப் பழகினார்கள். இவர் சைக்கிளை விடவில்லை, எழுத்துதான் விட்டுப்போயிருந்தது.

அதனால் பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுத, பிறகு சேர்ந்து வாசிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரையும் பேர் சொல்லி எழுப்பாதீர்கள்.

புத்தகத்துக்குச் செலவு தேவையில்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சடிக்கலாம், நான்கு நிலைகளில் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் (நுழை, நட, ஓடு, பற என்று நிலை வாரியாக) இருக்கும். தலைமையாசிரியரிடம் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

நேரம் முக்கியம். நூறு நாள் வேலைக்குப் போய்வந்தவர்கள் சமைத்து முடிக்க ஏழு மணியாகும். சீரியலோடு மோத வேண்டாம், தோற்றுவிடுவீர்கள். சீரியல் குறைவான ஞாயிற்றுக்கிழமை, கோயில் திடல், ஒரு மணி நேரம். 40 பேருக்கு 2 கிலோ கொண்டைக்கடலை சுண்டல் போதும். அதையும் கடைசியில் கொடுங்கள், முதலில் கொடுத்தால் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

மாதம் ஒருமுறை போதும். வாராவாரம் என்று ஆரம்பித்து மூன்றாவது வாரமே மூச்சு வாங்கியவன் சொல்கிறேன். புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். இரண்டு கிழிந்து வரும், ஒன்று வரவே வராது. எங்கள் கணக்கில் இதுவரை ஏழு வரவில்லை, நான் கேட்கவும் இல்லை.