தினமும் வரைந்தும் ஓவியத்தில் ஏன் முன்னேற முடிவதில்லை?

கேள்வி கேட்டவர் தன் நிலையைச் சொல்லியிருந்தார்: மூன்று வருடமாகத் தினமும் இரண்டு மணி நேரம் வரைகிறார். முதல் வருடம் வேகமாக வந்த முன்னேற்றம் இப்போது நின்றுவிட்டது. அடிப்படைப் பயிற்சிகளை ஒழுங்காகச் செய்யலாம் என்று உட்கார்ந்தால் ஒரு வாரத்துக்கு மேல் ஓடுவதில்லை. ஓவியம் கற்கிற எல்லோருக்கும் இப்படித்தானா, ஏன் என்று கேட்கிறார்.

எல்லோருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மிகப் பலருக்கு இப்படித்தான். எனக்கு ஆறு வருடம் இப்படி இருந்தது. இதற்குச் சோம்பல்தான் காரணம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். மூன்று வருடம் விடாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவரிடம் இல்லாதது உழைப்பு இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் வரையத் தொடங்கினேன். ஆறு வருடத்தில் பதினான்கு ஸ்கெட்ச்புக் நிறைந்தது. பெரும்பாலும் முகங்கள். ஒருநாள் ஒரு மாலை நேர ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியை என் புத்தகங்களை நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு முகத்தை வலப்பக்கம் பார்க்கிற மாதிரி வரையச் சொன்னார். என்னால் முடியவில்லை. தாடை வேறெங்கோ போனது, மூக்கு முகத்தில் ஒட்டவே இல்லை. வீட்டுக்கு வந்து பதினான்கு புத்தகங்களையும் திறந்து வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லா முகங்களும் இடப்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தன, அதுவும் முக்கால் வாசி திரும்பிய அதே கோணத்தில். கண், மூக்கு, முடி எல்லாமே முதல் வருடத்தில் நான் கண்டுபிடித்து வைத்த அதே வழியில் இருந்தன. ஆறு வருடமாக ஒரே முகத்தைத்தான் வரைந்திருக்கிறேன். அன்று இரவு எனக்கு அழுகை வந்தது.

சித்திரமும் கைப்பழக்கம் என்ற வரி நமக்கெல்லாம் மனப்பாடம். அது உண்மைதான். ஆனால் கைக்குச் சரி எது தப்பு எது என்று தெரியாது. எதைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறோமோ அது கையில் படிந்துவிடும். தப்பான கோட்டை ஆயிரம் முறை போட்டால் அந்தத் தப்பு சரளமாக வரும். சரளமாக வருகிற கோடு பார்ப்பதற்கு நம்பிக்கையாகவும் இருக்கும் என்பதால், அது தப்பு என்றே நமக்குத் தோன்றாமல் போய்விடுகிறது.

நம்மில் பெரும்பாலானவர்கள் பயிற்சி என்று நினைத்துச் செய்வது படம் வரைவதைத்தான். இரண்டும் வேறு வேறு. படம் வரையும்போது தெரிந்ததை வைத்து நல்லதாக ஒன்றை முடிக்கப் பார்க்கிறோம். கை வரைய வராது என்றால் பாக்கெட்டுக்குள் விட்டுவிடுவோம், கழுத்து வராது என்றால் துணியைச் சுற்றிவிடுவோம். படத்துக்கு அது நல்ல முடிவாகக்கூட இருக்கலாம். பயிற்சியில் அந்தக் கழுத்தைத்தான் வரைய வேண்டும். வரைந்த பிறகு உண்மையான கழுத்தோடு வைத்துப் பார்த்து எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை நம் தினசரி இரண்டு மணி நேரத்தில் ஐந்து நிமிடம்கூட இருப்பதில்லை. முன்னேற்றம் நிற்பது இங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இசை கற்பவர்களைப் பாருங்கள். பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் யாரும் வல்லுநர் ஆகலாம் என்று ஒரு பேச்சு உண்டு இல்லையா? அதற்கு மூலம் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு. பெர்லினில் வயலின் கற்ற மாணவர்களை வைத்துச் செய்தது. மிகச் சிறந்த குழுவினர் 20 வயதுக்குள் தனியாகச் செய்த பயிற்சி சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரத்தை ஒட்டி வந்தது. அது ஒரு சராசரி மட்டுமே. அதை விதி மாதிரி எல்லோரும் சொல்லத் தொடங்கியதை எரிக்சனே பின்னாளில் மறுத்தார். மணிக்கணக்கை விட, அந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் அவருக்கு முக்கியம். ஆசிரியர் ஒரு குறையைச் சுட்டிக்காட்டுவார், மாணவர் அந்தக் குறையை மட்டும் எடுத்துக்கொண்டு தனியே உட்கார்ந்து சரிசெய்வார்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயம் இருக்கிறது. உங்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம். முன்னேற்றத்துக்கு மிகவும் உதவுவது தனிப்பயிற்சிதான் என்று அந்த மாணவர்கள் சொன்னார்கள். ஆனால் அதைச் சந்தோஷமான வேலை என்று சொல்லவில்லை. மிகவும் சிரமமான வேலை என்றார்கள். நன்றாக வாசித்தவர்கள் இடையிடையே ஓய்வெடுத்தார்கள், பகலில் தூங்கி எழுந்தார்கள். அதனால் ஒரு வாரத்தில் உங்களுக்குச் சலிப்பு வந்ததற்கு உங்களிடம் ஏதோ குறை என்று எண்ண வேண்டாம். தினம் இரண்டு மணி நேரம் இதைச் செய்யப் பார்த்தீர்கள் என்றால் சலிக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

வயலினுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஸ்வரம் பிசகினால் அந்த நொடியே காதில் விழும். கோடு பிசகினால் சத்தமே வராது. தாளில் அமைதியாகக் கிடக்கும். மறுநாள், சில சமயம் மறு மாதம்தான் கண்ணில் படும். ஓவியத்தில் பயிற்சி இவ்வளவு கடினமாக இருப்பதற்கு இது பெரிய காரணம். தவறைச் சொல்லும் ஏற்பாட்டை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

அதோடு, தவறு பெரும்பாலும் கையில் இல்லை. பார்த்ததை ஏன் பலரால் அப்படியே வரைய முடிவதில்லை என்று 1997-இல் கோஹன், பென்னட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். கைத்திறன் குறைவா, எதை வரைவது எதை விடுவது என்று முடிவெடுப்பதில் பிசகா, தன் படத்தையே தப்பாகப் பார்க்கிறோமா, வரைய வேண்டிய பொருளையே தப்பாகப் பார்க்கிறோமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். பொருளைத் தப்பாகப் பார்ப்பதுதான் முக்கியக் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இதை நீங்களே இப்போது சோதிக்கலாம். நினைவிலிருந்து ஒரு முகம் வரையுங்கள். கண்களை எங்கே வைத்தீர்கள்? பெரியவர்களின் தலையில் கண்கள் உச்சிக்கும் தாடைக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கும். பழகாதவர்கள் அதைவிட மேலே வைப்பார்கள். நம் மனதுக்குக் கண், மூக்கு, வாய்தான் முகம். நெற்றியும் உச்சியும் அதற்கு ஒரு பொருட்டில்லை. அதனால் அந்தப் பகுதியைச் சுருக்கிவிடுகிறது. மனம் சொன்னதைத்தான் கை செய்தது, சொன்னதுதான் தப்பு. ஒரு கோட்டோவியத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்து வரைந்தால் பலருக்கும் நேராக வைத்து வரைந்ததைவிட நன்றாக வரும். கை அதே கைதான். 'இது கண்' என்று மனம் பெயர் சொல்ல முடியாததால் கோட்டைக் கோடாகவே பார்க்க வேண்டியதாகிறது, அவ்வளவுதான்.

அப்புறம், எத்தனை முறை நிமிர்ந்து பார்க்கிறோம் என்பதும் இருக்கிறது. நான் ஒருமுறை பார்த்துவிட்டு ஒரு நிமிடம் குனிந்து வரைவேன். அந்த ஒரு நிமிடமும் நினைவிலிருந்துதான் வரைந்திருக்கிறேன், எதிரே மாடல் உட்கார்ந்திருந்தும்! பொருளுக்கும் தாளுக்கும் அடிக்கடி கண்ணை மாற்றுகிறவர்கள் துல்லியமாக வரைகிறார்கள் என்று அதே கோஹன் 2005-இல் எழுதினார். வகுப்பில் ஆசிரியை என் பின்னால் நின்று "பாருங்க, பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்ததன் பொருள் அப்போதுதான் புரிந்தது.

சரி, இது தெரிந்த பிறகும் ஏன் தொடர முடிவதில்லை? ஒழுங்கான பயிற்சியைத் தொடங்கியதும் படங்கள் முதலில் மோசமாகும். பழைய வழியை விட்டாயிற்று, புதிய வழி இன்னும் கையில் வரவில்லை. அதே நேரத்தில் கண் கூர்மையாகிவிடும், நேற்றுவரை தெரியாத பிழைகள் எல்லாம் தெரியும். முன்னேறுகிற அந்த நாட்களில்தான் பின்னால் போவது போல இருக்கும். பலர் பயிற்சியை விட்டுவிட்டுப் பழைய முகத்துக்கே திரும்பிப் போவது அப்போதுதான். நான் இரண்டு முறை அப்படித் திரும்பிப் போயிருக்கிறேன்.

நம் உணர்வு இங்கே நல்ல வழிகாட்டி இல்லை. 2008-இல் கார்னெல், பியோர்க் என்ற ஆய்வாளர்கள் 12 ஓவியர்களின் இயற்கைக் காட்சிப் படங்களைக் காட்டி, யார் பாணி எது என்று கற்றுக்கொள்ள வைத்தார்கள். சில ஓவியர்களின் படங்களை ஒருவருடையது முடிந்ததும் அடுத்தவருடையது என்று வரிசையாகக் காட்டினார்கள், மற்றவர்களுடையதைக் கலந்து காட்டினார்கள். பிறகு புதிய படங்களைக் காட்டி யாருடையது என்று கேட்டபோது, கலந்து பார்த்த ஓவியர்களின் பாணியைத்தான் அதிகம் பேர் சரியாகச் சொன்னார்கள். ஆனால் எது நன்றாக மனதில் பதிந்தது என்று கேட்டால், வரிசையாகப் பார்த்ததுதான் என்றார்கள் பெரும்பாலானவர்கள். தேர்வை எழுதி முடித்த பிறகும் அப்படியே சொன்னார்கள்! அது பார்த்து அடையாளம் காணும் பயிற்சி, வரையும் பயிற்சி இல்லை. ஆனாலும் எனக்கு அது மிகவும் பொருந்தியது. சுலபமாகப் போகிற நாளில்தான் நன்றாகக் கற்கிறோம் என்று நினைத்துவிடுகிறோம்.

பாராட்டும் ஒரு பங்கு வகிக்கிறது. இடப்பக்கம் பார்க்கும் என் முகங்களுக்கு லைக் வந்துகொண்டே இருந்தது. லைக் போட்டவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை, அவர்கள் அன்பாகத்தான் போட்டார்கள். ஆனால் பாதிக் கழுத்தோடு நிற்கிற பயிற்சித் தாளை யாருக்கும் காட்ட முடியாது. காட்ட முடியாத வேலையில் தினமும் உட்காருவது தனிமையான விஷயம்.

அடிப்படைப் பயிற்சிக்குத் திரும்புவதை அவமானமாக நினைக்கிறவர்களுக்கு நான் வின்சென்ட் வான்கோவைச் சொல்வேன். அவர் ஓவியராவது என்று முடிவெடுத்தது 1880-இல், 27 வயதில். முதல் வேலையாக, மாணவர்களுக்காக சார்ல்ஸ் பார்க் தயாரித்த வரைதல் மாதிரித் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார். 1882-இல் பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிகிற விதம், சரியாக வருவதற்காக நூல் கட்டிய ஒரு மரச்சட்டத்தைச் செய்துகொண்டு, அதன் வழியாகப் பார்த்து வரைந்து பழகினார். என்னை அசைத்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். 1890-இல், தன் கடைசிக் கோடையில், அதே பார்க் தாள்கள் 60-ஐயும் மறுபடியும் வரைய வேண்டும் என்று தம்பிக்கு எழுதினார். இன்று உலகம் கொண்டாடுகிற படங்களில் பெரும்பாலானவற்றை அதற்குள் வரைந்து முடித்திருந்தார்.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். பயிற்சி இருபது நிமிடம் மட்டும். கடிகாரம் வைத்துக்கொள்வேன். ஒரு புகைப்படத்தை நான் வரையப் போகிற அளவிலேயே பிரிண்ட் எடுத்துப் பார்த்து வரைவேன். முடித்ததும் டிரேசிங் பேப்பரில் புகைப்படத்தின் முக்கியக் கோடுகளை எடுத்து என் படத்தின் மேல் வைப்பேன். பிசகு எங்கே என்று அது மறைக்காமல் காட்டிவிடும். ஒரே ஒரு பிழையை மட்டும் தாளின் ஓரத்தில் எழுதுவேன். மறுநாள் இருபது நிமிடமும் அந்தப் பிழைக்கே. மீதி நேரம் வேறு ஒரு ஸ்கெட்ச்புக்கில் எனக்குப் பிடித்ததை வரைவேன், அதில் எந்தக் கணக்கும் இல்லை. இந்த இரண்டாவது புத்தகம் இல்லாவிட்டால் முதல் புத்தகம் ஒரு மாதம்கூடத் தாங்காது.

இப்படி எழுதி வைத்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. என் முகங்கள் எல்லாம் மேல் பக்கம் நீண்டிருந்தன. காரணம் மேசை! தாளைப் படுக்கையாக வைத்துச் சாய்வாகப் பார்த்து வரைந்தால், நம்மிடமிருந்து தள்ளி இருக்கும் மேல் பகுதி கண்ணுக்குச் சுருங்கித் தெரியும், அதை ஈடுகட்டக் கை நீட்டி வரைந்துவிடும். தாளை ஒரு பலகையில் பொருத்தி முகத்துக்கு நேராகச் சாய்த்து வைத்தேன், இரண்டே நாளில் அது சரியாகிவிட்டது. ஆறு வருடமாக நான் என் திறமையைச் சந்தேகித்ததில் ஒரு பங்கு மேசையின் பிழை. படத்தைக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லி லியொனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இடம் வலம் மாறியதும் பழகிய கண்ணுக்குத் தெரியாத கோணல் தெரியும். இன்று போனில் படம் பிடித்துத் திருப்பிப் பார்த்தாலே போதும்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடைசியாக வரைந்த பத்துப் படங்களைத் தரையில் பரப்புங்கள். எல்லாவற்றிலும் எதைத் தவிர்த்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். கைகளா, பின்னணியா, அடர்ந்த நிழலா? அடுத்த இரண்டு வாரம் அந்த ஒன்றுக்கு இருபது நிமிடம் கொடுங்கள். இரண்டு மணி நேரத்தில் மீதியை எப்போதும் போல ஆசையாக வரையுங்கள். முடிந்தால் உங்களைவிடக் கொஞ்சம் நன்றாக வரைகிற ஒருவரிடம் அந்தப் பத்துப் படங்களைக் காட்டுங்கள். அந்த வகுப்பில் வலப்பக்கம் திரும்பிய முகம் கேட்கப்படாமல் இருந்திருந்தால் நான் இன்னும் பதினான்கு புத்தகம் நிரப்பியிருப்பேன்.

இப்போது என் தாள் ஓரத்தில் இருப்பது 'காது'. முகம் திரும்பும்போது அது எவ்வளவு பின்னால் போகிறது என்பது மூன்று வாரமாகப் பிடிபடவில்லை. நேற்று எடுத்த டிரேசிங்கில் இடைவெளி ஒரு விரல் அகலத்திலிருந்து அரை விரலாகக் குறைந்திருந்தது.