லைசென்ஸ் உயிரோடிருக்கிறது, அப்டேட் செத்துவிட்டது

கேள்வி: முந்திரி ஏற்றுமதி அலுவலகம் நடத்துகிறோம். சொந்த மெயில் சர்வர். மூன்று ஆண்டு லைசென்ஸுடன் ஆன்டிவைரஸ் வாங்கினோம். "அப்டேட் தானாக நடக்கும், நீங்கள் தொடவே வேண்டாம்" என்றார் விற்றவர். போன மாதம் பில் என்று வந்த இணைப்பைத் திறந்ததும் கணக்குப் பிரிவுக் கணினி முடங்கியது. சர்வரில் பார்த்தால், கடைசி அப்டேட் எட்டு மாதத்துக்கு முன்பு! கேட்டால், "லைசென்ஸ் உயிரோடுதானே இருக்கிறது" என்கிறார்.
- வாசகர், கருங்கல்

பதில்: அந்தத் 'தானாக' என்ற சொல்லோடு எனக்குப் பழைய பகை. தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் சுவிட்ச் ஒன்றை வாங்கினேன். ஆறு மாதம் ஒழுங்காக நிறுத்தியது. நான் நாகர்கோவிலுக்குப் போயிருந்த ஒரு பகலில் மிதவை சிக்கிக்கொண்டது. வழிந்த தண்ணீர் பக்கத்து வீட்டு முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த கொப்பரையை நனைத்துவிட்டது. கொப்பரைக்குக் காசையும் கொடுத்து, அந்த அம்மாவின் கோபத்தையும் மாதக்கணக்கில் சுமந்தேன்.

உங்கள் சர்வரிலும் மிதவைதான் சிக்கியிருக்கிறது. இணையத்தில் வருவதையும் போவதையும் வடிகட்டும் ஃபயர்வாலை மாற்றியபோது அப்டேட் இறங்கும் வழி அடைபட்டிருக்கலாம். டிஸ்க் நிறைந்திருக்கலாம். மென்பொருளின் பதிப்பே பழசாகியிருக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸில்கூட, ஆதரவு முடிந்த பதிப்புகளுக்கு வைரஸ் பட்டியல், அதாவது வைரஸ்களை அடையாளம் காட்டும் அப்டேட், தருவதை நிறுத்திவிடுகிறார்கள். லைசென்ஸ் என்பது பட்டியலைப் பெறும் உரிமை மட்டுமே. பட்டியல் வந்ததா என்பதை அதன் தேதிதான் சொல்லும். இரண்டு நாள் பழசானால் பொறுப்பாளரின் கைபேசிக்குத் தகவல் போகும்படி அமைக்கச் சொல்லுங்கள். 'ஐகார்' எனும் 68 எழுத்துச் சோதனைக் கோப்பை வெளியிலிருந்து அனுப்பியும் பார்க்கலாம். தீங்கில்லாதது, பிடிபடுவதற்கென்றே செய்தது. ஆனால் அது பிடிபட்டால் காவல்காரன் விழித்திருக்கிறான் என்றுதான் பொருள், அவன் கையில் இருப்பது புதிய பட்டியல் என்றல்ல.

வழக்கு? வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கருதாது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தில் அப்டேட்டைக் கவனிப்பது அவர் பொறுப்பு என்றிருந்தால், அந்தத் தாள்தான் உங்கள் பலம். அது இல்லையென்றால், எட்டு மாதம் ஒருவர்கூட எட்டிப் பார்க்காததற்கு அவரை மட்டும் ஏசிப் பயனில்லை.

கேள்வி: 150 ரூபாய்க்கு 'வாழ்நாள் ஆன்டிவைரஸ்' கிடைக்கிறது. சர்வருக்குப் போடலாமா?
- வாசகர், திங்கள்நகர்

பதில்: யாருடைய வாழ்நாள் என்று கேட்டீர்களா? வேண்டாம்.

கேள்வி: எங்கள் சிறு பள்ளியின் மெயில் சர்வருக்குக் கிளாம்ஏவி போதுமா? பழைய கணினி, 1 ஜிபி ரேம்.
- வாசகர், தக்கலை

பதில்: மென்பொருள் போதும், கணினி போதாது. வைரஸ் பட்டியலை நினைவகத்தில் ஏற்றவே அது ஒரு ஜிபிக்கு மேல் கேட்கும். புதிய பட்டியல் வந்து மாற்றும்போது சற்று நேரம் பழையதும் புதியதும் சேர்ந்தே இருக்கும். திணறி விழுவது அப்போதுதான். 4 ஜிபியாவது போடுங்கள். இயல்பான அமைப்பில் அது நாளுக்கு 12 முறை புதிய பட்டியல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். "உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது, மெயில் எல்லாம் அழியும்" என்று போனில் பயமுறுத்தி 4,999 ரூபாய் வாங்கிவிட்டார்கள். மகனிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
- வாசகி, குளச்சல்

பதில்: அம்மா, வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள். இதைப் படித்ததும் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சைபர் மோசடிக்கான உதவி எண் அது. சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறும் முன் நிறுத்திவைக்க வழி உண்டு. வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள். அவர்கள் சொல்லி ஏதாவது செயலியை நிறுவியிருந்தால் இணையத்தைத் துண்டித்து அதை நீக்குங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். இதற்கெல்லாம் பக்கத்தில் ஒருவர் வேண்டும். மகனை இன்றே கூப்பிடுங்கள்.