தரவையில் பாதீனியம்: காற்றா, மாடா?

கேள்வி: முல்லைத்தீவு முள்ளியவளைப் பக்கம் எங்கள் தரவையில், அதாவது மாடு மேயும் பொது நிலத்தில், இரண்டு மாரிக்குள் பாதீனியம், நாயுருவி என்ற களைகள் மண்டிவிட்டன. காற்றில்தான் வருகுதாம். மாட்டை மறிப்பதா, தரவையை உழுது விடுவதா?

பதில்: உழாதீர்கள். பாதீனியத்துக்கு வேண்டியதே வெறும் மண்தான். காற்றில் அதன் விதை சில மீற்றர்தான் போகும். ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது அரிவு வெட்டு இயந்திரம், ட்ரக்டர் ரயரில் அப்பிய சேறு, வைக்கோல், மக்காத எரு. இயந்திரம் தரவையால் போகுமுன் வெட்டுத் தலையையும் ரயரையும் வரம்பிலேயே துப்புரவாக்கச் சொல்லுங்கள்.

நாயுருவிக் காயின் முள் மயிரில் கொளுவும். மாட்டைவிட ஆடுதான் கூடச் சுமக்கும்.

மாடு தின்ற விதைகளில் கடினத் தோலுள்ளவை சாணியில் உயிரோடு வெளிவரும், பெரும்பாலும் 1 முதல் 3 நாளுக்குள். ஆகவே களை மண்டிய இடத்தில் மேய்ந்த மாட்டுப் பட்டியை 3 நாள் அடைத்துச் சுத்தமான வைக்கோல் போட்டுவிட்டுத் தரவைக்கு விடுங்கள். முதல் மழைக்குப் பின் பழைய சாணி வட்டொன்றைப் புரட்டிப் பாருங்கள்: அடியில் புல் வெளிறிச் செத்திருக்கும், மேலே முளைகள் நெருக்கியடித்து நிற்கும். விதை, பசளை, வெற்றிடம் மூன்றும் ஒரே இடத்தில்!

பட்டியை அடைத்த இடத்துச் சாணியை 1 மீற்றருக்குக் குறையாத உயரத்தில் குவியுங்கள். பிடித்துப் பிழிந்தால் ஒட்ட வேண்டும், நீர் சொட்டக்கூடாது. உள்ளே 55 பாகை செல்சியஸுக்கு மேல் 3 நாளாவது நிற்க வேண்டும். வெளிப்பக்கம் சூடேறாது; அங்கேதான் விதை தப்பும். வெளியிலிருப்பதை உள்ளே தள்ளி 3 தடவையாவது புரட்டுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சட்டியில் 2 சென்ரிமீற்றர் பரப்பி, 3 கிழமை நீர் தெளித்து முளையை எண்ணுங்கள்.

மாட்டை முழுதாக மறிப்பதும் பிழை. நல்ல புல்லின் விதையையும் அதுதான் காவுகிறது. காலபோகத்தில், அதாவது மாரி நெற்செய்கைக் காலத்தில், வயல் மூடியிருக்க முழுப் பட்டியும் தரவையில் நிற்கும். புல்லில் கதிர் வந்தவுடனே தின்றுவிடும். தரவையில் காற்பங்கை மறித்து, விதை முற்றியபின் திறந்துவிடுங்கள். குளம்பே விதையை மண்ணில் அமத்தும். அடுத்த வருடம் வேறு காற்பங்கு. அறுகு ஓடிப் படர்வது, அதற்கு இந்தக் காவல் அவ்வளவு தேவையில்லை.

பாதீனியம் முளைத்து 4 கிழமையிலேயே பூக்கலாம். மழை தொடங்கியதும் இரண்டு கிழமைக்கொரு தடவை, மண் ஈரமாயிருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். பூத்ததை உரப்பையில் கட்டி எடுங்கள், எருக்குவியலில் போடாதீர்கள்.