பட்டிப்பூ அவித்துக் குடித்தால் கீமோ வேண்டாமா?

கேள்வி: அம்மாவுக்கு வேகமாகப் பரவும் மார்பகப் புற்றுநோய். பக்லிடக்சல் என்ற கீமோ மருந்து ஏற்றத் திகதி தந்துவிட்டார்கள். ஊருக்கு வரும் ஒருவர் பட்டிப்பூ (நித்தியகல்யாணி) தூளும் முள் அன்னமுன்னா இலைக் குளிசையும் விற்கிறார். கீமோவே பட்டிப்பூவில்தான் செய்கிறார்களாம். முதலில் இதை மூன்று மாதம் குடிக்கட்டுமாம். கொடுக்கலாமா? (மகள், புதுக்குடியிருப்பு)

பதில்: வேண்டாம். கீமோவுக்குப் பதிலாகவும் வேண்டாம், கூடவும் வேண்டாம்.

பட்டிப்பூவிலிருந்து வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து வந்தது உண்மை. அது பெரும்பாலும் இரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. ஒரு கிராம் பிரித்தெடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் நாளத்தில் ஏற்றமாட்டார்கள். அவித்த தண்ணியில் எவ்வளவு இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. சீனியையும் பிரஷரையும் அது இறக்கிவிடக்கூடும்.

அம்மாவுக்கு ஏற்றப்போகும் பக்லிடக்சலும் மரப்பட்டையிலிருந்து வந்ததுதான். பசிபிக் யூ மரத்திலிருந்து பிரித்த அதன் அமைப்பு 1971இல் வெளியானது. அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1992இல். எவ்வளவு கொடுத்தால் கட்டி சுருங்கும், எவ்வளவில் ஆள் தாங்காது என்று பார்ப்பதற்கும் அதில் பல வருடம் போனது.

“ஆய்வில் நிரூபித்தது” என்று விற்பவர் காட்டும் கடதாசியைக் கவனியுங்கள். கண்ணாடித் தட்டில் வைத்த புற்றுநோய்க் கலங்களை அன்னமுன்னாச் சாறு கொன்றிருக்கும். சவர்க்காரத் தண்ணியும் கொல்லும். அந்த இலையிலுள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்பைத் தாக்கும். பக்லிடக்சலும் நரம்பைத் தாக்கிக் கைகால் விறைப்பைத் தரும்.

மூன்று மாதம் என்பதுதான் பெரிய பொறி. இந்த வகைக் கட்டி அதற்குள் வெட்டி எடுக்கமுடியாத நிலைக்குப் போய்விடலாம். முற்பணம் கேட்பவரையும், பயொப்சி (கட்டியில் எடுத்த துண்டின் சோதனை) ரிப்போட்டின் பிரதியை வாங்கிப்போகிறவரையும் படலைக்குள் விடாதீர்கள்.

மஞ்சளைப் பற்றியும் கேட்பீர்கள். கறியில், ரசத்தில் போடுவதை நிறுத்தவேண்டாம். பாலில் ஒரு சிட்டிகையும் பரவாயில்லை. மஞ்சள் குளிசை வேறு. மிளகுச் சாறு சேர்த்ததென்றால் தொடவே வேண்டாம். மிளகு மஞ்சளை உடம்பில் பலமடங்கு ஏற்றும், சிலருக்கு ஈரல் பழுதாகியிருக்கிறது. பக்லிடக்சலை உடம்பிலிருந்து அகற்றுவது ஈரல். இரத்தச் சோதனையில் ஈரல் பழுதென்று தெரிந்தால் மருந்தைக் குறைப்பார்கள், அல்லது தள்ளிப்போடுவார்கள். சமையல் மஞ்சள் வேறு, குளிசை வேறு.

ஏற்கெனவே குடித்திருந்தால் பக்கற்றோடு கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். ஏசுவார்களென்று ஒளிக்கிறார்கள், ஏசுவது டொக்டரின் பிழை. விடிய பஸ் ஏறித் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளியோடு பேச, நெரிசலான கிளினிக்கில் சில நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. தூள் விற்பவரோ திண்ணையில் ஒரு மணித்தியாலம் இருந்து கதைக்கிறார். இந்த ஓட்டையை அடைக்காமல் நோயாளியைக் குறைசொல்லிப் பயனில்லை.

கீமோவுக்குப் பிறகு காய்ச்சல் 38 பாகை செல்சியஸ் (100.4 பரனைட்) தொட்டால், பனடோல் போட்டுக் காத்திருக்காமல், இரவென்றாலும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கீமோ ஏற்றியவர் என்று வாசலிலேயே சொல்லி, கிளினிக் கொப்பியைக் கொடுங்கள்.