சைக்கிள் மிதித்தால் கால் விரல் மரத்துப்போகிறதா?

கேள்வி: எனக்கு வயது 46. ஞாயிறுதோறும் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை சைக்கிளில் போய்வருகிறேன். ஒரு மணி நேரம் கழிந்ததும் கால் விரல்கள் மரத்து, உள்ளங்காலின் முன்பகுதி எரிகிறது. இறங்கி நடந்தால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. நரம்புக் கோளாறாக இருக்குமோ? விலை உயர்ந்த ஷூ வாங்க வேண்டுமா?

பதில்: நடந்தால் சரியாகிவிடுகிறது என்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. பெரும்பாலும் நரம்பு கெட்டிருக்காது, நெரிபடுகிறது. விரல்களுக்குப் போகும் நரம்புகள் பாதத்தின் முன்பக்க எலும்புகளுக்கு நடுவே செல்கின்றன. பெடல் அழுத்துவதும் அதே இடத்தைத்தான். போதாக்குறைக்கு, வெயிலில் மிதிக்க மிதிக்கப் பாதம் வீங்கும். விடியற்காலையில் இறுக்கிக் கட்டிய லேஸ், கோவளம் தாண்டும்போது உங்கள் காலுக்குப் போதாது.

ஆகவே பர்ஸைத் திறக்கும் முன் லேஸைத் தளர்த்துங்கள். விரல் பக்கம் தளர்வாக, கணுக்கால் பக்கம் மட்டும் சற்று இறுக்கமாக. தடித்த சாக்ஸும் வேண்டாம்.

மெத்தென்ற ஓட்டப்பயிற்சி ஷூவைப் பலர் சொகுசு என்று நம்புகிறார்கள். சைக்கிளுக்கு அது எதிரி. அதன் சோல் பெடல் மேல் வளைந்து, அழுத்தம் முழுவதையும் ஒரே இடத்தில் இறக்கிவிடும். கையால் மடக்கினால் எளிதில் மடங்காத சோல், விரல்களை அசைக்க இடம்: இவை இருந்தால் போதும், விலை முக்கியமில்லை. வாங்குவதானால் பாதம் உப்பியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குப் போங்கள். பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட் என்ற துண்டை அடியில் பொருத்திய ஷூ என்றால் கிளீட்டைச் சில மில்லிமீட்டர் குதிகால் பக்கம் நகர்த்தலாம்.

சீட் அதிக உயரத்தில் இருந்தால் கால் எட்டாமல் விரல் நுனியால் மிதிப்பீர்கள். பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு சாயாமல் முழங்கால் நேரானால் சீட் உயரம் சரி. கனமான கியரில் முக்கி மிதிப்பதை விட்டு, இலகுவான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்று அளவில் மிதியுங்கள்.

சைக்கிளைத் தொடாத நாளிலும், இரவுப் படுக்கையிலும் மதமதப்பு இருந்தால் கதை வேறு. ரத்தச் சர்க்கரையையும் வைட்டமின் பி12 அளவையும் பரிசோதித்துவிடுங்கள். ஒரு காலில் மட்டும், இடுப்பிலிருந்தே இறங்கி வந்தால் முதுகுத்தண்டைப் பார்க்க வேண்டும். மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு அடியில் கூழாங்கல்லை மிதித்ததுபோல் வலித்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த ஞாயிறு லேஸை மட்டும் மாற்றுங்கள், சீட்டை அடுத்த வாரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும்.