மருத்துவர் பதில்கள்: பரிசோதனைத் தாளில் உள்ள எண்களைப் புரிந்துகொள்வது எப்படி?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஓர் எண்ணைக் குறிப்பிட்டு, "இது பயப்பட வேண்டிய அளவா?" என்று கேட்பவை. அந்த எண் எதை அளக்கிறது, எவ்வளவு காலத்துக்கு உரியது, யாருடைய உடலில் அளக்கப்பட்டது என்ற மூன்றும் தெரியாமல் இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஆகவே சில கேள்விகளைத் தேர்ந்தெடுத்து விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 52. வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவு 112. ஆனால் அதே நாளில் பார்த்த எச்.பி.ஏ.1சி. 8.2 என்று வந்திருக்கிறது. இரண்டில் ஒன்று தவறுதானே? வேறு லேபில் மீண்டும் பார்க்கலாமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: இரண்டுமே சரியாக இருக்கக்கூடும். வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஊசி குத்திய அந்த நேரத்து அளவை மட்டுமே சொல்கிறது. எச்.பி.ஏ.1சி. என்பது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தின் மீது சர்க்கரை படிந்திருக்கிறது என்ற கணக்கு. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாட்கள் இரத்தத்தில் சுற்றுகிறது. அந்தக் காலம் முழுவதும் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்ததோ அதற்கேற்ப அது படிந்துகொண்டே வருகிறது. எனவே அந்த எண் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுகிறது; அதிலும் கடைசி ஒரு மாதத்தின் பங்கே அதிகம். 8.2 என்பது சராசரியாக 189 மில்லிகிராம் அளவுக்குச் சமம்.

காலையில் 112 இருக்கும் ஒருவருக்குச் சராசரி எப்படி 189 ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து இனிப்பையும் இரவுச் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டு வருபவர்கள் மிகப் பலர். அவர்களுடைய வெறும் வயிற்று அளவு அழகாகவே இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. மதியம் சோறு, மாலையில் தேநீரும் பலகாரமும், இரவில் இட்லி அல்லது தோசை என்று சாப்பிடும் நம்மவர்களில் பலருக்கு, உணவுக்குப் பிந்திய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் சர்க்கரை உயர்ந்து நிற்கிறது. காலைப் பரிசோதனை அந்த ஏற்றத்தைப் பார்ப்பதே இல்லை.

ஆனாலும் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எச்.பி.ஏ.1சி. சிவப்பணுக்களை நம்பியிருக்கும் பரிசோதனை என்பதால், அவற்றின் ஆயுள் மாறினால் எண்ணும் மாறும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் உண்மையைவிடக் கூடுதலாகவும், அண்மையில் இரத்தப்போக்கு இருந்தாலோ இரத்தம் ஏற்றியிருந்தாலோ குறைவாகவும் காட்டலாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருப்பதால், பெண்கள் இதை அவசியம் நினைவில் கொள்ள வேண்டும். உங்களைப் பொறுத்தவரை, லேபை மாற்றுவதைவிட, ஒரு வாரம் வழக்கம்போலச் சாப்பிட்டு, உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து சில நாட்கள் அளவு பார்த்துக் குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்போடும் ஹீமோகுளோபின் அளவோடும் உங்கள் மருத்துவரைச் சந்திப்பதே பயனுள்ளது.

கேள்வி: என் தாயாருக்கு 68 வயது; மெலிந்த உடல்; பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கிரியாட்டினின் 1.2 வந்தது. "சிறுநீரகம் கொஞ்சம் பாதிக்கப்பட்டிருக்கிறது" என்கிறார் மருத்துவர். எனக்கும் அதே 1.2தான், வயது 25, எனக்கு ஒன்றுமில்லையாம். டயாலிசிஸ் வரை போய்விடுமோ என்று வீட்டில் எல்லோரும் கலங்குகிறோம். (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: உங்கள் மருத்துவர் சொன்னது சரி. கிரியாட்டினின் தசைகளில் நாள்தோறும் உண்டாகும் கழிவு. அதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது. தசை அதிகமுள்ள இளைஞரின் உடலில் கழிவு நிறைய உண்டாவதால், நல்ல சிறுநீரகம் இருந்தும் 1.2 நிற்கும். தசை குறைந்த மூதாட்டியின் உடலில் உண்டாவதே கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் வெளியேறாமல் 1.2 வரை தேங்கியிருக்கிறதென்றால் வடிகட்டும் திறன் குறைந்துவிட்டது என்றே பொருள். அதனால்தான் வயதையும் பாலினத்தையும் சேர்த்து, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எப்.ஆர். என்ற மதிப்பீட்டைக் கணக்கிடுகிறோம். இப்போது வழக்கத்தில் உள்ள வாய்ப்பாட்டின்படி உங்களுக்கு அது 86 அளவிலும், உங்கள் தாயாருக்கு 49 அளவிலும் வருகிறது. 60க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்கிறோம். ஆகவே ஒரு முறை பார்த்ததோடு முடிவுகட்டாமல், மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற பரிசோதனையும் உடன் செய்யப்பட வேண்டும். கிரியாட்டினின் உயரும் முன்பே இந்தக் கசிவு தொடங்கிவிடுவது சர்க்கரை நோயாளிகளிடம் வழக்கம்.

டயாலிசிஸ் பற்றிய பேச்சு பெரும்பாலும் இ.ஜி.எப்.ஆர். 15க்குக் கீழே இறங்கிய பிறகுதான் எழும். 49இல் இருக்கும் பலர் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்துக்கொண்டு, அந்த நிலைக்குப் போகாமலே வாழ்ந்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் உடனே செய்ய வேண்டியது, மூட்டு வலிக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற மாத்திரைகளை நிறுத்துவது. பெயர் தெரியாத பஸ்பங்களையும் அப்படியே. அடுத்ததாக, சிறுநீரகத்தைக் காக்கவென்று தரப்படும் சில இரத்த அழுத்த மாத்திரைகள், தொடங்கிய முதல் சில வாரங்களில் கிரியாட்டினினைச் சற்றே உயர்த்தும். "மாத்திரையால் கெட்டுவிட்டது" என்று தாங்களாகவே அதை நிறுத்திவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. தங்களைக் காக்கும் மருந்தையே அவர்கள் தூக்கி எறிகிறார்கள். அந்த ஏற்றம் இயல்பானதா, மிகையானதா என்பதை மறுபரிசோதனையைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

கேள்வி: மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்தேன். இருபதுக்கும் மேற்பட்ட பரிசோதனைகளில் இரண்டில் நட்சத்திரக் குறி போட்டிருக்கிறார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் தூக்கம் போய்விட்டது. (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: பல பரிசோதனைகளில், நலமாக உள்ளவர்களை அளந்து, அவர்களில் நடுவில் வரும் 95 சதவீதத்தினரின் அளவையே இயல்பு வரம்பு என்று வைத்திருக்கிறார்கள். அதாவது முழு ஆரோக்கியமுள்ள நூறு பேரில் ஐந்து பேர் அந்த வரம்புக்கு வெளியே இருந்தே தீர்வார்கள். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளைச் செய்தால், நோயே இல்லாதவருக்கும் ஒன்றிலாவது குறி விழும் வாய்ப்பு 64 சதவீதம். வரம்பைச் சற்றே தாண்டிய எண்ணா, பல மடங்கு தாண்டியதா, சென்ற ஆண்டும் அப்படித்தான் இருந்ததா என்று பாருங்கள். பழைய அறிக்கைகளைத் தேதி வரிசையில் வைத்திருப்பவர்களுக்கு இது எளிது.

கேள்வி: கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் இரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்கு ஆகிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நிறுத்திவிடலாமா? (வாசகி, சேலம்)

பதில்: எதன் இரண்டு மடங்கு என்று அந்தச் செய்தி சொல்லவில்லை. பிரிட்டனில் 1995இல் இதேபோன்ற ஓர் அதிகாரபூர்வ எச்சரிக்கை வெளியானது. பழைய வகை மாத்திரைகளோடு ஒப்பிட்டால், புதிய வகை மாத்திரைகளால் ஆபத்து இரு மடங்காகிறது என்பது உண்மைதான். ஆனால் 7,000 பெண்களில் ஒருவருக்கு என்றிருந்தது இருவருக்கு என்று ஆனதே அந்த இரு மடங்கு. அஞ்சிய பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். விரும்பாத கர்ப்பங்கள் பெருகின. அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடப்பட்டது. மாத்திரை சாப்பிடாத பெண்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் 1 முதல் 5 பேருக்கும், சாப்பிடுபவர்களில் 3 முதல் 9 பேருக்கும், கர்ப்பிணிகளில் 5 முதல் 20 பேருக்கும் இரத்த உறைவு ஏற்படுகிறது என்பது பொதுவாகத் தரப்படும் கணக்கு. மாத்திரையைவிடக் கர்ப்பத்தில்தான் ஆபத்து கூடுதல் என்பதை எந்த வாட்ஸ்அப் செய்தியும் சொல்வதில்லை.

இருந்தாலும் உங்களுக்கோ நெருங்கிய இரத்த உறவினருக்கோ முன்பு இரத்தம் உறைந்திருந்தால், கண்முன் ஒளிக்கீற்றுகள் தெரிந்து பின் வரும் ஒற்றைத் தலைவலி இருந்தால், அல்லது 35 வயதைத் தாண்டிப் புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால், வேறு கருத்தடை முறை பற்றி மகப்பேறு மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள். இவை எதுவும் இல்லையென்றால், நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம் வந்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நேரம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று, மாத்திரை சாப்பிடுவதையும் அங்கே சொல்லுங்கள்.