தரையைக் கேட்டுவிட்டு அப்புறம் குதிரையைக் கேளுங்கள்

ஆடி மாதம் அந்தியூர் சந்தைக்குப் போனவர்கள் ஊர் திரும்பியதும் குதிரைக் கேள்விகள் வந்து குவிந்துவிடும். இந்த இதழ் முழுக்க அதற்கே.

அரியமான் கடற்கரையில் சுற்றுலா வருபவர்களை ஏற்றிச் சுற்ற ஒரு குதிரை வாங்க நினைக்கிறேன் ஐயா. பெங்களூரில் ரேஸ் ஓடி ஓய்வு பெற்ற ஏழு வயதுக் குதிரை. தரகர் காட்டிய தாளில் மூன்று முதல் பரிசு இருக்கிறது. நம் மணலுக்கு ஒத்து வருமா? கால் நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?
– உச்சிப்புளி வாசகர்

தம்பி, அந்த மூன்று வெற்றியும் புல்லில் வந்தவை. பெங்களூர், மும்பை, புனே என்று எங்கே போனாலும் நம் நாட்டில் பந்தயம் புல்தரையில்தான், காலைப் பயிற்சி மட்டும் பெரும்பாலும் மணல் தடத்தில். அதனால் வெற்றிக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு அந்தத் தாளில் தேதிகளைப் பாருங்கள். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே ஏழெட்டு மாதம் இடைவெளி இருந்தால், அதுவும் ஒருமுறைக்கு மேல் இருந்தால், அந்த மாதங்களில் குதிரை எதற்காக லாயத்தில் நின்றது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் கால்தான் காரணமாக இருக்கும். ரேட்டிங் (குதிரையின் திறனுக்குப் பந்தயக்காரர்கள் தரும் புள்ளி) அறுபதிலிருந்து இருபதுக்கு இறங்கி, அப்புறம் ஓட்டமே நின்றுபோன குதிரை என்றால் இன்னும் அழுத்திக் கேளுங்கள்.

காலைப் பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் போங்கள். விற்பவர் குதிரையை நடத்திச் சூடேற்றி வைத்திருந்தால் விறைப்பு மறைந்துவிடும், லாயத்தை விட்டு வெளியே வைக்கும் முதல் பத்து அடிதான் உண்மையைச் சொல்லும். அப்புறம் கை வையுங்கள். முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே, பின்பக்கம் கயிறு மாதிரி இறங்கும் நரம்பை (தசைநாண் என்று மருத்துவர் சொல்வது) மேலிருந்து கீழே உள்ளங்கையால் தடவுங்கள், பிறகு காலைத் தூக்கி மடக்கிப் பிடித்துக்கொண்டு, நரம்பு தளர்ந்திருக்கும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அங்குலம் அங்குலமாகக் கிள்ளிப் பாருங்கள். ஓரிடத்தில் தடிப்பு, சூடு, அல்லது தொட்டதும் காலை வெடுக்கென்று இழுப்பது, இதில் எது இருந்தாலும் பழைய காயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு காலையும் அதேபோல் தொட்டு ஒப்பிட்டால்தான் உங்கள் கைக்கு வித்தியாசம் புரியும். கணுவின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் நாடி பிடித்துப் பாருங்கள். நல்ல காலில் அது தேடித்தான் கிடைக்கும். தொட்ட உடனே திம் திம் என்று அடித்து, குளம்பும் சூடாக இருந்தால் குளம்புக்குள் கோளாறு.

அடுத்தது டிராட், அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவிலான சீரான ஓட்டம். சிமெண்ட் தரை அல்லது தார் ரோட்டில் நேர்கோட்டில் ஓட்டச் சொல்லுங்கள், தலைக்கயிறு தளர்வாக இருக்க வேண்டும், இழுத்துப் பிடித்தால் தலை ஆடுவதை மறைத்துவிடுவார்கள். வலிக்கும் முன்னங்கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும், நல்ல கால் தொடும்போது தலை இறங்கும். பின்னங்காலுக்குப் பின்னால் நின்று இடுப்பைப் பாருங்கள், எந்தப் பக்கம் அதிகமாக ஏறி இறங்குகிறதோ அந்தப் பக்கம் சந்தேகம். இதே குதிரையை அப்புறம் மணலில் வட்டமாக ஓட்டுங்கள். கெட்டித் தரையில் தெரியும் நொண்டல் பெரும்பாலும் எலும்பு, மூட்டு, குளம்பு. கெட்டித் தரையில் சுத்தமாக இருந்து மணலில் தாங்கித் தாங்கிப் போனால் தசைநாண், தசைநார். நீங்கள் வாங்குவது மணலுக்கு என்பதால் இந்த இரண்டாவது சோதனையை யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள்.

வலி மாத்திரை கொடுத்து நிறுத்தியிருப்பார்கள் என்ற பயம் இருந்தால், முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள், முடிந்தால் ரத்தமும் எடுக்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மணலுக்கு ஒத்து வருமா என்றால், கால் சுத்தமாக இருந்தால் வரும், பழக்க வேண்டும். அரியமான் வடகடல் பக்கம், அலை குறைவு, குதிரை மிரளாது, அது உங்களுக்கு நல்லது. காய்ந்த மணலில் கால் புதைந்து ஒவ்வொரு அடிக்கும் பின்நரம்பு இழுபடும், தண்ணீர் ஓரத்து ஈர மணலோ சில இடங்களில் ரோடு மாதிரி கெட்டி. இரண்டுக்கும் நடுவே, லாடத்தின் முழு வடிவமும் தெளிவாக விழுந்து விரல்கடை ஆழத்துக்கு மேல் போகாத தடம்தான் சரியான இடம். முதல் மாதம் நடை மட்டும். நாலுகால் பாய்ச்சலை மறந்துவிடுங்கள்.

துபாயில் வேலை பார்த்தபோது மெய்தானில் ரேஸ் பார்த்திருக்கிறேன். புல்லில் பறந்த குதிரை மண்ணில் கடைசியாக வருகிறது. ஏன் அப்படி? முன்கூட்டியே கணிக்க முடியுமா?
– கீழக்கரை வாசகர்

ஓரளவு முடியும். புல்லில் குளம்பு விழுந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். மண்ணில் விழுந்ததும் கொஞ்சம் முன்னே சறுக்கி அப்புறம்தான் பிடிக்கும், அந்தச் சறுக்கலைத் தாங்கி வேகம் எடுக்கும் உடம்பு எல்லாக் குதிரைக்கும் இல்லை. இன்னொன்று, முன்னே ஓடுவது எற்றும் மண் பின்னால் வருவதன் முகத்தில் அறையும். புல் பந்தயத்தில் பின்தங்கி இருந்து கடைசி 400 மீட்டரில் பாயப் பழகிய குதிரை, வாழ்க்கையில் முதல் தடவை முகத்தில் மண் வாங்கினால் அங்கேயே மனசு விட்டுவிடும். அதனால் மண்ணில் தொடக்கத்திலேயே முன்னே போகத் தெரிந்த குதிரைக்குத்தான் நான் மதிப்பெண் கூட்டுவேன்.

எடை போட்டுச் சமப்படுத்தும் ஹேண்டிகேப் முறையில் நம் நாட்டில் ஒரு ரேட்டிங் புள்ளிக்கு அரைக் கிலோ. பத்து புள்ளி உயர்ந்த குதிரை ஐந்து கிலோ கூடச் சுமக்கும். கணக்கு சரிதான், ஆனால் அந்தப் புள்ளி எந்தத் தரையில் சம்பாதித்ததோ அந்தத் தரைக்குத்தான் அது செல்லும். புல்லில் வாங்கிய எண்பதை அப்படியே மண்ணுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். புதுத் தரையில் முதல் ஓட்டம் என்றால் அதை வெற்றுத் தாள் என்று எடுத்துக்கொண்டு, அதே தாய், தந்தை வழி வந்த மற்றக் குதிரைகள் அந்தத் தரையில் என்ன செய்தன என்று பாருங்கள். அதுவும் முழு உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவின் சிகார் என்ற குதிரை புல்லில் 11 ஓட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்தது, 1994 அக்டோபரில் மண்ணுக்கு மாற்றினார்கள், அதிலிருந்து தொடர்ச்சியாக 16 வெற்றி. அதன் தந்தையோ புல்லில் பேர் வாங்கிய குதிரை! 1993இல் பிரான்சிலிருந்து அமெரிக்கா போன ஆர்காங் என்ற குதிரை முதல் தடவை மண்ணில் ஓடி, ஒன்றுக்கு 133 என்ற பந்தய விலையில் (ஜெயிக்கும் என்று யாரும் நினைக்கவில்லை என்று பொருள்), அங்கே பெரிய பந்தயமான பிரீடர்ஸ் கப் கிளாசிக்கையே ஜெயித்தது.

நீங்கள் பார்த்த மெய்தானிலேயே ஒரு விஷயம் உண்டு. 2010இல் திறந்தபோது அங்கே டபெட்டா என்ற செயற்கைத் தரை போட்டிருந்தார்கள், 2014இல் அதை எடுத்துவிட்டு மண் போட்டார்கள். நடுவில் இருந்த வருடங்களின் முடிவுகளை வைத்து இன்றைய மண் ஓட்டத்தைக் கணிப்பவர்கள் இருக்கிறார்கள், ஊர் பேர் ஒன்று என்பதால் தரையும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். நம் நாட்டுப் புல்லுக்கும் இது பொருந்தும். மழைக்கு முன் ஓடியதும் மழையில் ஊறிய வாரத்தில் ஓடியதும் இரண்டு வேறு ஓட்டம், தரையின் மென்மையை பெனட்ரோமீட்டர் வைத்து அளந்து அறிவிக்கிறார்கள், அந்த எண்ணைப் பார்க்காமல் பழைய நேரங்களை ஒப்பிடவே கூடாது.

குதிரைப் பந்தயம் சூதாட்டமா, திறமையா?
– மண்டபம், கல்லூரி மாணவர்

1974இல் தமிழக அரசு அதை ஒழிக்கச் சட்டம் கொண்டு வந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் இது பெரும்பகுதி திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்பு சொன்னது. மேலே எழுதியதெல்லாம் அந்தத் திறமைதான். படிக்கிற வயதில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள், பணம் கட்ட வேண்டாம்.

எங்கள் நடுக்குதிரை தார் ரோட்டில் நடந்த வண்டிப் பந்தயத்தில் இரண்டாவது வந்தது. அடுத்த வாரமே பக்கத்து ஊர் செம்மண் பாதையில் எட்டாவது. வயதாகிவிட்டதா அண்ணே?
– சாயல்குடி வாசகர்

ஒரே வாரத்தில் எந்தக் குதிரைக்கும் வயதாகாது. பெரிய குதிரை, நடுக்குதிரை, சின்னக் குதிரை என்று நம் ஊரில் பிரிப்பதும் ஒரு வகை ஹேண்டிகேப்தான், அங்கே எடையை வைத்து, இங்கே உயரத்தை வைத்து. ஆனால் நம் பிரிவினை தரையைக் கணக்கில் எடுப்பதில்லை. செம்மண் பொடியில் சக்கரம் புதையும்போது, அதே வண்டி, அதே சாரதி, இழுக்கும் பாரம் மட்டும் கூடிக்கொண்டே போகும். தாரில் வேகமான குதிரை ஜெயிக்கும், பொடி மண்ணில் பின்தொடை பலமான குதிரை ஜெயிக்கும். முதலில் அந்த எட்டாவது இடத்தை மறந்துவிட்டு, மறுநாள் காலையில் கால் எப்படி இருக்கிறது என்று மேலே சொன்ன மாதிரி பாருங்கள். சுத்தமாக இருந்தால் பலம் போதவில்லை என்று அர்த்தம், இரண்டு மாதம் மணலில் வெறும் வண்டியோடு நடத்திப் பழக்கலாம். சூடோ தடிப்போ இருந்தால் முதல் பந்தயத்திலேயே தார் ரோடு அடித்துவிட்டது, நீங்கள் அதன் மேல் இன்னொன்றை ஓட்டியிருக்கிறீர்கள். அடுத்தடுத்த ஞாயிறு ஓட்டுவதை தயவுசெய்து நிறுத்துங்கள், போய் வர ஆறு மைல் ஓடிய காலுக்கு ஏழு நாள் போதாது.

சுழி பார்த்து வாங்கலாமா?
– தொண்டி வாசகர்

வீட்டுப் பெரியவர்கள் பார்க்கட்டும், அவர்கள் மனசு நிறையும். ஆனால் சுழி சுத்தம் என்பதற்காக விலை கூட்டிக் கொடுக்காதீர்கள். ரேஸ் குதிரையின் பாஸ்போர்ட்டில் சுழி எங்கெங்கே இருக்கிறது என்று குறித்திருப்பார்கள், அடையாளத்துக்காக. தாளும் குதிரையும் ஒன்றுதானா என்று சரிபார்க்க அது உதவும். உச்சிப்புளித் தம்பியும் இதைக் கவனிக்கவும்.

எங்கள் குதிரைக்கு அடிக்கடி வயிற்றுவலி வருகிறது. காலால் தரையைக் கிளறுகிறது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, படுத்துப் புரள்கிறது. கொள்ளுத் தீனியை மாற்றியும் சரியாகவில்லை.
– தேவிபட்டினம் வாசகர்

கொள்ளைக் குறை சொல்வதற்கு முன் மணலைப் பாருங்கள். கடற்கரையில் வைக்கோலையும் புல்லையும் தரையில் போட்டால் குதிரை ஒவ்வொரு வாய்க்கும் மணலைச் சேர்த்து விழுங்கும், அது குடலின் அடியில் போய்த் தங்கிவிடும். இன்றைக்கே ஒரு சோதனை செய்யலாம். லத்தி போட்டதும் தரையைத் தொடாத மேல் உருண்டைகள் ஐந்தாறு எடுத்து, கண்ணாடி மாதிரி தெரியும் பாலித்தீன் பையில் தண்ணீர் விட்டுக் கரைத்து, பையைக் கால் மணி நேரம் தொங்க விடுங்கள். நார் மிதக்கும், மணல் அடி மூலையில் இறங்கும். ஒரு தேக்கரண்டி அளவு மணல் சேர்ந்தால் அதுதான் வில்லங்கம். ஒருநாள் மணல் வராவிட்டால் உள்ளே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம், தொடர்ந்து சில நாள் பாருங்கள்.

தீனியைத் தொட்டியில் வையுங்கள், தொட்டிக்கு அடியில் ரப்பர் பாய் போட்டுக் கூட்டி வையுங்கள், வெறும் வயிற்றோடு மணலில் கட்டாதீர்கள். இசப்கோல் உமி கொடுத்து மணலை வெளியேற்றும் முறை உண்டு, அளவு மருத்துவர் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் குதிரை காலாகாலமாகத் தீனியால் அவதிப்பட்டிருக்கிறது. கப்பல் கப்பலாக வந்து இறங்கிய குதிரைகள் பாண்டிய நாட்டில் பராமரிக்கத் தெரியாமல் செத்துப்போவதையும், சமைத்த சோறும் கறியும் அவற்றுக்குக் கொடுத்ததையும் 13ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ குறித்திருக்கிறார். இன்றைக்கு நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

வலி வந்த நேரத்தில் மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றுவதை மட்டும் செய்யாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும், குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது. தாடை எலும்பின் உள்பக்கம் நாடி பிடித்து எண்ணுங்கள். நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருப்பது சாதாரணம். அறுபதைத் தாண்டினால், அல்லது லத்தி நின்றுபோனால், தீனியை எடுத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், போனிலேயே அந்த எண்ணைச் சொல்லுங்கள், அவர் என்னென்ன கொண்டு வர வேண்டும் என்று முடிவு செய்ய அது வேண்டும்.